மணல் கயிற்றுக்கு ஒரு மாதிரி

24 மே, சனி

பெறாமகளின் ரியூசன் பையில் கணித வினாத்தாள் கட்டுக்கு நடுவே தடித்த நாவல் ஒன்று கிடந்தது. ஜெனிஃபர் லின் பார்ன்ஸ் எழுதிய ‘இன்ஹெரிட்டன்ஸ் கேம்ஸ்’. 2020இல் வந்தது. வகுப்பில் பாதிப்பேர் வாசித்து முடித்தாயிற்றாம். மிச்சப்பேர் இரவலுக்கு வரிசையில் நிற்கிறார்களாம். டெக்சாஸ் கோடீஸ்வரர் ஒருவர் இறந்துபோகிறார். சொத்து ஏறக்குறைய முழுவதையும் முன்பின் அறியாத பள்ளிக்கூடப் பெண் ஒருத்திக்கு எழுதிவைத்திருக்கிறார். அவள் ஒரு வருடம் அவருடைய மாளிகையில் குடியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. மாளிகை முழுக்க இரகசியக் கதவு, சுரங்கவழி, புதிருக்குள் புதிர். கிழவரின் பேரன்மார் நாலு பேரும் அதே வீட்டில். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

“பெப்ரவரியில ஓ.எல். இருக்கு, தெரியுமோ?” என்றேன்.

“இதுவும் கணக்குத்தான் சித்தி. ஒவ்வொரு அதிகாரத்திலயும் ஒரு விடை வருது.”

அவள் சொன்னதில் பிழையில்லை, அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. இந்த நாவல் குடும்பத்துக்கு ஒரு பாட்டி உண்டு: எலன் ராஸ்கின் 1978இல் எழுதிய ‘வெஸ்டிங் கேம்’. அடுத்த வருடம் அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் வாங்கிய புத்தகம். அதிலும் ஒரு பணக்காரரின் மரணசாசனம், பதினாறு வாரிசுகள், சோடி சோடியாகத் துண்டுத் தடயங்கள். நல்ல புத்தகம், பார்ன்ஸினுடையதைவிடப் பல மடங்கு குறும்பு அதிகம். ஆனால் இரண்டிலும் புதிர் போட்டவர் ஒரே ஆள்தான். பணக்காரர், செத்துப்போனவர் (அல்லது அப்படி நாம் நினைக்கும்படி வைத்தவர்), உள்ளுக்குள் நல்லவர். கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பரிசு உண்டு என்று கடைசிப் பக்கம்வரை நம்பலாம்.

அலுமாரியிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் அகப்பட்டது, முதுகு கிழிந்தது, வில்லியம் ஸ்லேட்டரின் ‘ஹவுஸ் ஆஃப் ஸ்டேர்ஸ்’. 1974. இதுவும் வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் பற்றித்தான் என்றேன். அட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். மேல்மாடிப் பொடியன் வைஃபைக்காக வந்திருந்தான். அவனும் ஓ.எல். வகுப்பு, வேறு பள்ளிக்கூடம். எட்டிப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்றான். ஆளுக்கு ஓர் அதிகாரமாகச் சத்தமாக வாசிக்கட்டும் என்று பல்கனியில் இருத்தினேன். எங்கள் ஒழுங்கை மரைன் டிரைவில் போய் முட்டுகிறது, அங்காலே தண்டவாளம், அங்காலே கடல். ரயில் போகும்போதெல்லாம் வசனத்தைப் பாதியில் நிறுத்த வேண்டும்.

31 மே, சனி

புத்தகம் முடிந்தது. இரண்டு பேருக்கும் கோபம்.

கதை இதுதான். பதினாறு வயது அநாதைப் பிள்ளைகள் ஐந்து பேரைக் கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து ஓர் இடத்தில் விடுகிறார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை, கீழே தரை தெரிவதில்லை. திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளைப் படிக்கட்டுகள், எங்கும் போய்ச் சேராத படிக்கட்டுகள். ஓவியர் எஷரின் 1951ஆம் ஆண்டு அச்சோவியம் ஒன்றுக்கும் இதே பெயர்தான். நடுவில் ஓர் இயந்திரம். விளக்கு மினுங்கும், முணுமுணுப்புக் கேட்கும், சில வேளை சாப்பாடு விழும். எப்போது விழுகிறது என்று பிள்ளைகள் யோசிக்கிறார்கள். அந்த நேரம் கையை இப்படி அசைத்தோம், அப்படித் திரும்பினோம் என்று கோத்துக் கோத்து அதை ஓர் ஆட்டமாக்கிவிடுகிறார்கள். விளக்கு மினுங்கினால் ஆட்டம், ஆடினால் சாப்பாடு. கொஞ்ச நாளில் ஆட்டம் மட்டும் போதாமல் போகிறது. ஒருவரை ஒருவர் நோகடித்தால்தான் இயந்திரம் தருகிறது. மூன்று பேர் அதற்கும் பழகிவிடுகிறார்கள். லோலா என்ற முரட்டுப் பெண்ணும் பீட்டர் என்ற பயந்த பொடியனும் எங்களுக்கு உன் சாப்பாடு வேண்டாம் என்று விலகிப்போய்ப் பட்டினி கிடக்கிறார்கள்.

பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் 1948இல் செய்த சோதனையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பசித்த புறாக்கள் எட்டைக் கூட்டுக்குள் விட்டார். அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி வரும். ஆனால் புறாக்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது, ஒன்று மூலையில் தலையைக் கொண்டுபோய் இடித்தது. எட்டில் ஆறு இப்படித் தனக்கென்று ஒரு சடங்கை உண்டாக்கிக்கொண்டது. தாங்கள் செய்ததால்தான் தீனி வந்தது என்று அவை நினைத்தது போலிருந்தது என்பது ஸ்கின்னரின் விளக்கம். ஸ்லேட்டர் இந்தக் கூட்டுக்குள் பிள்ளைகளை இறக்கிவிட்டார், அவ்வளவுதான். அவர் பாலே பள்ளிகளில் பியானோ வாசித்தவர். ஆட்டம் உருவாகும் பக்கங்கள் இந்தப் புத்தகத்தில் மற்ற எல்லாப் பக்கங்களையும்விட நுணுக்கமாக இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். பாத்திரங்கள் மெலிவு, உரையாடல் வரட்சி. ஆய்வுகூட அறிக்கை மாதிரியான அந்த நடை இந்தக் கதைக்குப் பொருந்துகிறது.

பெறாமகளின் கோபம் முடிவைப் பற்றி. எல்லாம் அரசாங்கத்தின் சோதனை, சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்யும் விசேட ஆட்களை உண்டாக்கும் முயற்சி என்று தெரிகிறது. பட்டினி கிடந்த இரண்டு பேரும் தோற்றுப்போன மாதிரிகளாக ஒதுக்கப்படுகிறார்கள். வென்ற மூன்று பேரும் வெளியே தெருவுக்கு வருகிறார்கள். சந்தியில் சிக்னல் விளக்கு மினுங்குகிறது. மூன்று பேரும் ஆடத் தொடங்குகிறார்கள்.

“வெளியில வந்தும் ஆடுகினம்! பிறகென்னத்துக்கு வெளியில விட்டவை?”

பொடியனுக்கு வேறு பிரச்சினை. “அன்ரி, ஆடாட்டிச் சாப்பாடில்ல. இவர் என்ன சொல்றார், சாகச் சொல்றாரா?”

இதற்கு என்னிடம் கையோடு பதில் இருக்கவில்லை. அவனுடைய கேள்வி இந்த வகை நாவல்கள் எல்லாவற்றையும் பார்த்துக் கேட்கப்பட்ட மாதிரி இருந்தது. எப்படி வெளியே வருவது என்பதைத்தான் அவை கேட்கின்றன. யார் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் விடை சொல்வதால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்பவை குறைவு. ஸ்லேட்டர் கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு கதவைத்தான் காட்டினார்: ஆடு, அல்லது பட்டினி கிட.

3 ஜூன், செவ்வாய்

கொட்டாஞ்சேனையில் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வரும்போது கொச்சிக்கடை அந்தோனியார் வாசலில் இறங்கினேன். செவ்வாய்க்கிழமை என்றால் எந்தச் சமயத்தவர் என்று கேட்க முடியாத கூட்டம். சீருடையோடு வந்த பிள்ளைகள் சிலரின் கையில் பேனாக் கட்டு. நாங்களும் பரீட்சைக்கு முன் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் பேனாவை அர்ச்சனைத் தட்டில் வைத்தோம். பின் வரிசையில் இருந்து எழுதினால் சித்தி வரும், நீலச் சட்டை போட்டால் சித்தி வரும். புறாவைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு என்ன யோக்கியதை.

ஆனால் கோயிலுக்குப் போவதைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. மினுங்கும் விளக்கு ரியூசன் வகுப்பில்தான் இருக்கிறது. பாஸ் பேப்பர், மார்க்கிங் ஸ்கீம், ‘இந்தச் சொல் விடையில் இருந்தால் இரண்டு புள்ளி’. பிள்ளை கேள்வியை வாசிப்பதில்லை, கேள்வி போட்டவரின் மனதை வாசிக்கிறது. பதினொரு வருடம் அப்படிப் பழகிய பிள்ளைக்குப் புதிர் மாளிகை நாவல் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

7 ஜூன், சனி

ஹஜ்ஜுப் பெருநாள். மேல்மாடியிலிருந்து வட்டிலப்பம் வந்தது. பொடியன் புதுச்சட்டையோடு வந்து தட்டைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். பெறாமகள் மட்டும் இருந்தாள்.

இந்தத் திகதி எனக்கு வேறொன்றை நினைவுபடுத்தும். இவள் பிறக்க முன்னம், 2007 ஜூன் 7 விடிய முன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்க லொட்ஜ்களைப் பொலிஸ் சுற்றி வளைத்தது. தங்கியிருந்த தமிழரைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். 376 பேர். பெரும்பாலோரை வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். கொழும்பில் நிற்பதற்குத் தக்க காரணம் இல்லை என்பதுதான் சொன்ன நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டது, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. பிறகு பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

லொட்ஜ் என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் நின்ற மாடிக் கட்டடங்கள். ஒரு அறையில் ஒரு குடும்பம், ஹொட்பிளேட்டில் சமையல். யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் மருத்துவத்துக்கும் வந்து ஒரு கிழமை என்று தங்கியவர்கள் ஒரு வருடம் இருந்தார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் கீழே கடைக்குப் போகவும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் கொண்டுபோக வேண்டும். மாலையானால் அறைக்குள். ஒவ்வொரு படிவத்துக்கும் இன்னொரு படிவம் தேவை. இந்தக் கடிதம் வேண்டுமென்றால் அந்தக் கடிதம் கொண்டுவா, அந்தக் கடிதத்துக்கு ஊரில் விதானையாரின் கையெழுத்து வேண்டும், ஊருக்குப் பாதை இல்லை.

“இதுதானே அந்தப் படிக்கட்டு வீடு” என்றாள்.

அவளே சொன்னாள். தமிழில் பூட்டிய வீட்டு நாவல் எழுதுவதென்றால் டெக்சாஸ் மாளிகை எதற்கு, 2006இல் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜின் மூன்றாம் மாடி போதும். நான் சொல்ல நினைத்ததை அவள் முந்திக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. எழுது என்றேன். பரீட்சை இருக்கு என்றாள். அக்காவுக்குத் தெரியாமல் எழுது என்றேன்.

10 ஜூன், செவ்வாய். போசன் போயா

காலி வீதியில் அன்னதானப் பந்தல்களுக்கு முன்னால் வரிசை. வெளிச்சக்கூடுகளைப் பார்த்தபடி நடந்துவிட்டு வந்து, பொடியனின் கேள்விக்குப் பதில் தேடி உம்மக்க ஜாதகத்தைக் கையில் எடுத்தேன். பாலி ஜாதகங்களில் 546ஆவது. பதினாலாம் நூற்றாண்டில் சிங்களத்துக்கு வந்த ஜாதகப் பொத்தவில் இருக்கிறது. டி.பி. யட்டவர 1898இல் ஆங்கிலமாக்கினார். சிங்களப் பிள்ளைகள் பாலோடு குடித்து வளரும் கதை, பக்கத்து வீட்டிலிருந்தும் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

மிதிலை அரசன் வேதேகனின் நாட்டில் ஒரு வணிகனின் மகன் மகோசதன். வயது ஏழு. அரண்மனைப் பண்டிதன் சேனகனுக்குப் பொறாமை, பிள்ளையைச் சபைக்கு அழைக்கவிடாமல் இழுத்தடிக்கிறான். அரசன் பிள்ளையின் ஊருக்குப் புதிராக அனுப்பிக்கொண்டிருக்கிறான், அவிழ்க்காவிட்டால் ஊருக்கு ஆயிரம் பணம் தண்டம். கடைந்தெடுத்த கோலில் எது அடி, எது நுனி? தண்ணீரில் போட்டுப் பார், அடிப்பக்கம் பாரத்தால் தாழும். வளைந்த துளையுள்ள மணியில் நூல் கோர்ப்பது எப்படி? துளையில் தேன் தடவி எறும்பிடம் நூலைக் கொடு. இவையெல்லாம் நல்ல பிள்ளையின் விடைகள். பார்ன்ஸின் கதாநாயகியும் சொல்லக்கூடியவை.

பிறகு அரசன் முடியாததைக் கேட்கிறான். ஊஞ்சல் கயிறு அறுந்துவிட்டது, மணலால் கயிறு திரித்து அனுப்புங்கள். மகோசதன் ஆட்களை அனுப்பிக் கேட்கச் சொல்கிறான்: எவ்வளவு தடிப்பு என்று தெரியவில்லை, பழைய மணல் கயிற்றில் ஒரு துண்டு மாதிரிக்குத் தாருங்கள். அப்படியொரு கயிறு என் வீட்டில் இருந்ததே இல்லையே என்கிறான் அரசன். அப்படியானால் நாங்கள் மட்டும் எப்படித் திரிப்பது? அடுத்தது, தாமரை நிறைந்த புதுக் குளம் ஒன்றை அனுப்பும்படி கட்டளை. ஊராட்கள் உடம்பெல்லாம் சேறும் ஈரமுமாகக் கயிறும் தடியும் கொண்டு வந்து நிற்கிறார்கள். குளத்தை இழுத்துக்கொண்டுதான் வந்தோம், நகரத்தின் மதிலைக் கண்டு மிரண்டு காட்டுக்கு ஓடிவிட்டது, உங்கள் பழைய குளத்தைத் தந்தால் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துக் கொண்டுவருகிறோம்.

இதைச் சொன்னபோது பொடியன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடிந்ததும் அவனுக்கே விளங்கிவிட்டது. “அப்ப ஆடவும் இல்ல, பட்டினியும் இல்ல. கேள்வியத் திருப்பி அனுப்புறார்.”

ஸ்லேட்டர் காட்டாத மூன்றாவது கதவு அதுதான். புதிருக்குள்ளேயே நின்று, புதிர் போட்டவரை அவருடைய கேள்விக்குள் கூட்டி வருவது. இதற்குத் துணிச்சலோடு கொஞ்சம் நாடகமும் வேண்டும், மேலே சேறு பூசிக்கொள்ள வேண்டும்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. மகோசதன் வளர்ந்து மந்திரியாகிறான். எதிரி அரசனின் நகருக்குப் பக்கத்தில் ஒரு பெரும் சுரங்கம் கட்டுகிறான். உம்மக்க என்ற பெயரே அதனால்தான். பெரிய கதவுகள் 80, சின்னக் கதவுகள் 64, ஒரு முளையை அழுத்தினால் எல்லாம் மூடும், ஒரு முளையை அழுத்தினால் எல்லாம் திறக்கும். கடைசியில் நூற்றொரு அரசர்கள் அதற்குள் நடந்து வரும்போது கதவுகளை மூடிவிடுகிறான். இருட்டில் அவர்கள் சாவுக்குப் பயந்து நடுங்குகிறார்கள்.

“பாருங்கோ, வளர்ந்தாப் பிறகு இவரே பூட்டுறார்” என்றாள் பெறாமகள்.

திறந்தும் விடுகிறானே என்றேன். ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் எல்லோரையும் நண்பராக்குகிறான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. திறக்கிற முளையும் அவன் கையில்தானே இருக்கிறது, அது பூட்டுகிற முளையைவிடப் பெரிய அதிகாரம் என்றாள்.

14 ஜூன், சனி

மூன்று பேருமாகப் பகத்தலை வீதிக்கு நடந்தோம். அங்கே 33ஆம் ஒழுங்கையில் 11ஆம் இலக்க வீடு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) வாழ்ந்த இடம். இப்போது அவருடைய பெயரிலான நம்பிக்கை நிறுவனம் பராமரிக்கிறது, முன்கூட்டியே சொன்னால் சுற்றிக் காட்டுகிறார்கள். கொள்ளுப்பிட்டியில் புதிர் வீடு என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

ஒரே வரிசையில் நாலு சின்ன வீடுகள் இருந்தன. பாவா 1958இல் மூன்றாவதில் குடிவந்தார். பிறகு நாலாவது, அதற்குப் பல வருடம் கழித்து மிச்ச இரண்டும் கைக்கு வந்தன. சுவரை உடைத்தும் திறந்தும் மூடியும் நாலையும் ஒன்றாக்கினார். முதல் வீட்டை இடித்து அந்த இடத்தில் கோபுரம் மாதிரி மாடிகளை எழுப்பினார். வாசலில் பழைய ரோல்ஸ் ரொய்ஸ். உள்ளே நுழைந்ததும் நீண்ட வெள்ளை நடை. அதன் கடைசியில் வெளிச்சம், அங்கே போனால் ஒரு துண்டு ஆகாயம், கீழே தண்ணீர்த் தொட்டி. திரும்பினால் இன்னொரு நடை. இது முன்பு யாருடைய குசினி, எந்த வீட்டின் முற்றம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்த பழைய தூண்களும் கதவுகளும் தங்கள் வீட்டை விட்டு வந்து இங்கே குடியேறியிருக்கின்றன. கொழும்பு வெயில் அப்படியே காலி வீதியோடு நின்றுவிடுகிறது.

பொடியன் வழி தவறிவிட வேண்டும் என்று வேண்டுமென்றே பின்தங்கினான். பெறாமகள் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: “இந்த வீடு எங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லை.” பரீட்சகர் இல்லாத புதிர் என்கிறாள். வளைவுக்கு வளைவு பரிசு இருக்கிறது, ஆனால் எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை. கியோட்டோவில் 2007இல் தொடங்கி உலகமெல்லாம் பரவிய எஸ்கேப் ரூம் விளையாட்டுகளில் சுவரில் மணிக்கூடு ஓடும், உள்ளே கமரா இருக்கும். இங்கே பாவா தனக்காக ஒளித்து வைத்ததை நாம் தற்செயலாகக் காண்கிறோம்.

ஒரு பணக்காரரின் வீடு என்பதையும் மறக்கவில்லை. பக்கத்தில் அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ். 1870இல் இளவரசர் அல்பிரட்டுக்கு விருந்து வைத்த சி.எச். டி சொய்சாவின் மாளிகையின் பெயர் இன்று தெருக்களில் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றைக் கட்டி நூறு அறை வைப்பது கொள்ளுப்பிட்டியில் பலரால் முடிந்தது. நாலு சின்ன வீட்டுக்குள் நூறு வீட்டு ஆழம் வரவைப்பது வேறு வித்தை.

18 ஜூன், புதன்

இரவு மணிமேகலையைப் புரட்டினேன். நாலாவது காதை, பளிக்கறை புக்க காதை. உவவனத்தில் பூப்பறிக்கப் போன மணிமேகலையைத் தேடி இளவரசன் உதயகுமரன் தேரில் வருகிறான். அவள் பளிங்கு மண்டபத்துக்குள் புகுந்து தாழிட்டுக்கொள்கிறாள். உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் கேட்காது. இளவரசனுக்கு அவள் தெரிகிறாள், உள்ளே போகும் வழி தெரியவில்லை. கடைசியில் திரும்பிப் போகிறான். அவளைத் தெய்வம் மணிபல்லவத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. எங்கள் நயினாதீவுதான் அது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

பூட்டிய அறைக்குள் இருப்பவளுக்கு விடுதலை, வெளியே நின்று பார்க்கிறவனுக்குத்தான் புதிர். இத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் சாத்தனார் இந்த வகை நாவலை உள்வெளியாகப் புரட்டிப் போட்டுவிட்டார். பெறாமகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘சிலபஸில இருக்கா?’ என்று பதில் வந்தது.

28 ஜூன், சனி

கதை வந்துவிட்டது. கணிதக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்பக்கம் வரை.

வெள்ளவத்தை லொட்ஜ், மூன்றாம் மாடி, 2006. பதினாறு வயதுப் பெண், தாய், மூலையில் ஹொட்பிளேட். தகப்பன் கனடாவில். அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது: உங்கள் நிரந்தர முகவரியை உறுதிசெய்ய அந்த வீட்டுக்கு முன் நின்று எடுத்த படம் அனுப்பவும். வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். பெண் மூன்று இரவு யோசித்துவிட்டுப் பதில் எழுதுகிறாள்: படம் எடுக்க ஆயத்தம், வலயத்துக்குள் போக அனுமதித் துண்டு ஒன்றும், வீடு இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று எங்களுக்கு மறந்துவிட்டபடியால் வழிகாட்ட ஒருவரும் தந்துதவவும், பழைய படம் உங்களிடம் இருந்தால் மாதிரிக்கு ஒரு பிரதி அனுப்பவும். கதை அங்கே முடிகிறது.

அந்த ‘மாதிரிக்கு’ என்ற சொல்லைக் கண்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதைச் சொல்லவில்லை. பதிலாக ஆசிரியர் வேலை பார்த்தேன். தாய் ஏன் பேசவே இல்லை, ஹொட்பிளேட்டில் என்ன வேகிறது, மூன்று இரவும் பக்கத்து அறையில் யார் இருந்தது என்றெல்லாம் கேட்டேன். பிறகு, இவளுக்கு விசா கிடைக்கிறதா என்றும் கேட்டுவிட்டேன்.

“அது என்ர கதை இல்ல சித்தி. அது அந்த ஒஃபிசின்ர கதை.”

பொடியன் அதைப் பிடித்துக்கொண்டான். அப்படியானால் அந்தக் கதையை நான் எழுதுகிறேன் என்றான். கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் லிகிதர். அவருக்கு மேலே ஓர் அதிகாரி, அவருடைய படிவத்தில் இப்படிப் பதில் எழுத இடம் கிடையாது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று கீறினால்தான் அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகலாம். அவரும் ஓர் அறைக்குள்தானே இருக்கிறார் என்கிறான்.

பெறாமகளுக்கு அது பிடிக்கவில்லை. லிகிதருக்கு இரக்கம் காட்டினால் தன் பெண்ணின் கடிதம் வலுவிழந்துவிடும் என்கிறாள். இரக்கம் இல்லை, அவர் என்ன செய்வார் என்று பார்க்கத்தான் என்கிறான் இவன். அவருக்குப் பெயர் வைக்கக்கூடாது என்று அவள் நிபந்தனை போட்டாள். பெயர் இல்லாவிட்டால் நான் எழுத மாட்டேன் என்று அவன் எழும்பிவிட்டான். ஆறு மணிக்கு அவளுக்கு விஞ்ஞான வகுப்பு. படியிறங்கும்போதும் இரண்டு பேரும் அதையேதான் கதைத்துக்கொண்டு போனார்கள்.